பொய் சொல்லாத ஹெட்போன்

ஜூன் 3, செவ்வாய்

புது ஹெட்போன் வாங்கி முடிக்கும்வரை இந்த நோட்டில் எழுதப்போகிறேன். ஒன்றில் கேட்டதை அன்றைக்கே எழுதிவைக்காவிட்டால், மறுநாள் இன்னொன்றைக் கேட்கும்போது முதலாவது மனதில் இருக்காது. காதுக்கு ஞாபகசக்தி மிகக் குறைவு. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் பாட்டை மிக்ஸ் செய்து பிழைக்கிறவள் சொல்கிறேன். குரல், தபேலா, கிடார், வயலின் என்று தனித்தனியாகப் பதிவானவற்றை எது முன்னால், எது பின்னால், எது இடது, எது வலது என்று இடம் பார்த்து உட்கார வைப்பது என் வேலை.

சாலிகிராமத்தில் நான் வேலை செய்த ஸ்டூடியோ கட்டடத்தை இடிக்கிறார்கள். இனி வளசரவாக்கம் வீட்டின் சின்ன அறைதான். அங்கே ஸ்பீக்கர் வைத்தால் நான்கு சுவரும் பதில் பேசுகின்றன. கீழ் வீட்டில் கைக்குழந்தை வேறு. ஆக, ஹெட்போன். ஒன்பது வருடம் உழைத்த பழையதில் இடது பக்கம் மங்கிவிட்டது.

கையில் இருக்கும் வேலை: ஜெனிட்டாவின் ஏழு பாட்டு. தூத்துக்குடிப் பெண், வடபழனியில் விடுதியில் இருக்கிறாள். தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடியவை. அவளுடைய முதல் ஆல்பம். மூன்றை ஸ்டூடியோவிலேயே முடித்துவிட்டேன். நான்கு பாக்கி. ஜூலை 26 வெளியீடு.

ஜூன் 5, வியாழன்

அண்ணா சாலைப் பக்கம் பரூக் பாய் கடை. மாடியில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு என்ன வேண்டும் என்று விளக்கினேன். பாஸ் என்கிற கீழ் ஓசையைத் தூக்கி, மேல் ஓசையில் மினுமினுப்பு ஏற்றி, கேட்பவரைக் குஷிப்படுத்துகிற வகை வேண்டாம். அதில் மிக்ஸ் செய்தால் ஹெட்போன் ஏற்கெனவே கொடுத்த பாஸை நான் குறைத்துவிடுவேன். மற்றவர்களுக்குப் பாட்டு சோனியாகக் கேட்கும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"மேடம், இங்க வர்றவங்க எல்லாரும் எதுல சூப்பரா கேக்கும்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் எதுல மோசமா கேக்கும்னு கேக்கறீங்க" என்று சிரித்தார்.

சோதனைக்கு நான் எடுத்துப்போவது, பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் மிக்ஸ் செய்த ஒரு புல்லாங்குழல் பதிவு. அதில் எங்கெங்கே தவறு செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தவறுகளை மறைக்கிற ஹெட்போனை நான் நம்ப மாட்டேன்.

முதல் ஹெட்போன் ஜோடியை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தனுப்பினார்.

ஜூன் 9, திங்கள்

முதல் ஜோடி. பின்புறம் வலை மட்டும் போட்டுத் திறந்த வகை. ஓசை காதுக்குள் அடைபடாமல் காற்றோட்டமாக இருக்கிறது. பாஸ் அளவாக. குரல் நடுவில் சரியாக நிற்கிறது. ஆனால் இடது பக்கம் மங்கல். குலுக்கி வாசிக்கிற ஷேக்கர், ஜால்ரா, 'ச' உச்சரிப்பின் நுனி எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகின்றன.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன்: என் மூக்குக்கண்ணாடி. இடது காம்பு அகன்றிருப்பதால் ஹெட்போனின் மெத்தை காதோடு படியவில்லை. இடைவெளி விட்டால் குறைய வேண்டியது பாஸ்தானே தவிர மேல் ஓசை அல்ல. இருந்தாலும்.

என் கணவர் சிவநேசன் போரூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துப் பொருத்துகிறவர். சாயங்காலம் வந்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். மேஜைமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு காம்பும் சமமாத்தான் இருக்கு, தமா."

"இல்லீங்க, இடது பக்கம் நல்லா பாருங்க."

திருகை லேசாக முடுக்கிக் கொடுத்தார். பிறகு, "இன்னைக்கு ஒரு பெரியவர் வந்தார். இப்பல்லாம் பேப்பர்ல மை கம்மியா போடறாங்கன்னு ஒரே கோபம். ஆறு மாசமா வேற வேற பேப்பர் மாத்தி வாங்கிப் பாத்திருக்கார்" என்றார்.

எதற்கு இதை என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

டீ குடிக்கும்போது இப்போதெல்லாம் சிவநேசன் சோபாவில் எனக்கு வலப்புறம்தான் உட்காருகிறார். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறதாம். நான்காவது பாட்டை முடித்து ஜெனிட்டாவுக்கு அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

ஜெனிட்டா கூப்பிட்டாள்.

"யக்கா, பாட்டு கேட்டேன். குரல் அப்படியே பக்கத்துல நிக்கி. ஆனா இடது பக்கம் அந்த ஷேக்கர் காதக் குத்துதுக்கா."

"எதுல கேட்ட?"

"போன் கூட குடுத்த இயர்போன்லதான்."

"அதெல்லாம் கணக்கே இல்ல ஜெனிட்டா. அது இல்லாததெல்லாம் சொல்லும். நான் இத தொழில் பண்றவ."

"சரிக்கா" என்றாள். உடனே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஜூன் 14, சனி

பரூக் பாயிடம் முதல் ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்துவந்தேன். மூடிய வகை. வெளிச்சத்தம் உள்ளே வராது. பாஸ் கொஞ்சம் அதிகம். இரண்டு மணி நேரத்தில் காது வியர்க்கிறது. இதிலும் இடது மங்கல். வேறு வேறு கம்பெனி, ஒரே குறை. தரம் இவ்வளவு கெட்டுப்போகும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி கடை. மூன்றாவது ஜோடியைப் போட்டுப் புல்லாங்குழல் பதிவை ஓடவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இதுலயும் இடது மங்கல்தான் பாய். எல்லாக் கம்பெனியும் பேசி வெச்சுக்கிட்டாங்களா?"

பரூக் பாய் என் தலையைப் பார்த்தார். "மேடம், மாத்திப் போட்டிருக்கீங்க. வலது பக்கத்து ஸ்பீக்கர்தான் இப்ப உங்க இடது காதுல இருக்கு."

கழற்றிப் பார்த்தேன். ஆமாம். சரியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன். மங்கல் இருந்த இடத்திலேயே, என் இடது காதிலேயே இருந்தது.

அவர் டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் என்று, கையிலிருந்த இரண்டாவது ஜோடியோடே கிளம்பிவிட்டேன்.

வரும் வழியில் அரைக் கிலோ பீர்க்கங்காய், கறிவேப்பிலை.

ஜூன் 18, புதன்

இட்லிக்கு அரைத்தேன். தலையணை உறைகள் துவைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

காலையில் தாளிக்கும்போது வாணலியின் பக்கம் வலது காதைச் சாய்த்தேன். ஒவ்வொரு கடுகும் தனித்தனியாக வெடித்தது. இடது காதைத் திருப்பினேன். பக்கத்துத் தெருவில் மழை பெய்வது போல் இருந்தது. மறுபடி கடுகு போட்டேன். மறுபடியும். தாளிப்பு கருகி, சாம்பார் கசந்தது. சிவநேசன் அதையே சாப்பிட்டுக் கடைக்குப் போனார்.

சளியாக இருக்கும். ஆவி பிடித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஐந்தாவது பாட்டை அனுப்பினேன். இடது பக்க ஓசைகளைத் திரையில் ஓசையின் அளவு காட்டும் மீட்டரைப் பார்த்து, பழக்கத்தில் வைத்தேன். என் காதுக்குச் சரியென்று பட்டதைவிடக் கொஞ்சம் குறைத்தே வைத்திருக்கிறேன். எவ்வளவு குறைப்பது என்பது ஒரு கணிப்புதான். 'புது ஹெட்போனில் கேட்டுச் செய்தது' என்று ஜெனிட்டாவுக்கு எழுதினேன். அது பொய் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

கொடியிலிருந்து எடுத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். சிவநேசன் நிமிராமல் சொன்னார்:

"உன் பழைய ஹெட்போன எடுத்துக் கேட்டுப் பாத்தேன். எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டுது."

"உங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது, தமா."

ஒரு துண்டை எடுத்து மடித்தேன், பிரித்தேன். மறுபடி மடித்துக்கொண்டே கேட்டேன்.

"எவ்ளோ நாளா தெரியும் உங்களுக்கு?"

"ஒரு வருஷம் இருக்கும். இடது பக்கமிருந்து மெதுவா கூப்பிட்டா, நீ வேற பக்கம் திரும்பிப் பாக்கற."

"அப்ப சோபா?"

"ஃபேனுக்காக இல்ல."

"ஏன் சொல்லல?"

அவர் கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தினார். "கடைக்கு வர்றவங்ககிட்ட அஞ்சு நிமிஷத்துல சொல்லிடறேன். பவர் ஏறிடுச்சு சார், இந்த ஃப்ரேம் பாருங்கன்னு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் இன்னைக்குச் சொல்லிடணும்னு நெனப்பேன். நீ ஏதாவது பாட்டப் போட்டுட்டு சந்தோஷமா உக்காந்திருப்ப."

மிச்சத் துணியையும் மடித்து முடித்தோம். ஒரே துண்டை நான் நான்கு தடவை மடித்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

கேட்கும் திறன் பரிசோதனை. சின்ன அறை, கண்ணாடி ஜன்னல், தலையில் ஒரு ஹெட்போன். மெல்லிய 'பீப்' கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது காது முடிந்து இடது தொடங்கியது. சில நிமிடங்களுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதுவரை 'பீப்' ஒரு சீரான இடைவெளியில் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்தத் தாளத்துக்கு அமுக்கிக்கொண்டே போனேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். "மேடம், நான் இப்ப சத்தமே அனுப்பல. கேட்டா மட்டும் அமுக்குங்க, என்ன?" என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னாள். இந்த முறை இடைவெளிகளை மாற்றி மாற்றி அனுப்பினாள்.

பொத்தானின்மேல் விரலை வைத்தபடி நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. இடது காதில் மேல் ஓசைகளைப் பிடிக்கும் நரம்பு முனைகள் தேய்ந்திருக்கின்றன. வருடக்கணக்காகச் சத்தத்தில் வேலை செய்ததால் இருக்கலாம். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். "போனது திரும்ப வராதும்மா. இருக்கறத பத்திரமா வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர். பேச்சைக் கேட்கக் கருவி தேவையில்லை. சத்தத்தைக் குறைக்க வேண்டும், நடுவே நடுவே ஓய்வு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. வலது காது என் வயதுக்கு மிக நன்றாக இருக்கிறதாம். சிவநேசன் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஜெனிட்டாவை நாளைக்கு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஜூன் 28, சனி

ஊரிலிருந்து வந்த முந்திரி மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு ஜெனிட்டா சிரித்துக்கொண்டே வந்தாள். பரிசோதனைத் தாளை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் வலது காதின் கோடு நேராகப் போகிறது. இடது காதின் கோடு பாதியில் படியிறங்குகிறது. அவள் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக்கா தெரியும்?"

"பதினேழாம் தேதி."

"அஞ்சாவது பாட்ட இருவதாம் தேதிலா அனுப்புனீங்க?"

"ஆமா."

"புது ஹெட்போன்ல கேட்டுப் பண்ணேன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காது இப்படி ஆனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அத நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா ஷேக்கர் குத்துதுன்னு சொன்னேன்லா, அன்னைலருந்து என் காதுதான் சரியில்ல போலன்னு நெனச்சுட்டேன். சுருதி சேருதா சேரலயான்னு நான் பாடுததையே சந்தேகப்பட்டுட்டுத் திரியுதேன். ரெண்டு வாரமாக்கா."

மன்னிப்புக் கேட்டேன். நல்ல மிக்சிங் ஆட்கள் இருவரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வாரேன்க்கா" என்றாள். ஊர்ப் பழக்கத்தில் வந்த வார்த்தை.

ஜூலை 1, செவ்வாய்

ஜெனிட்டா கூப்பிடவில்லை. மக்ரூன் பெட்டியைப் பிரிக்க மனம் வரவில்லை. எறும்பு பிரித்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

பதினோரு மணிக்கு அழைப்புமணி. ஜெனிட்டா. குளிர்ந்த தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"நீங்க சொன்ன ஒருத்தர்கிட்ட போனேன். மூணாவது பாட்டப் பண்ணிக் காட்டுனாரு. நல்ல மனுசன். பாட்டும் நல்லாத்தான் இருக்கு, பளபளன்னு. ஆனா நான் மூச்சு எடுக்கதெல்லாம் இரைச்சல்னு வெட்டிட்டாரு. எங்கம்மா பேரப் பாடுததுக்கு முன்னால ஒரு மூச்சு வருமே, அதையும். அது வேணும்னேன். யாரும் கவனிக்க மாட்டாங்கம்மான்னாரு."

"ஜெனிட்டா..."

"இருங்கக்கா, நான் பேசிடுதேன். அந்த மூச்சுல நான் அழப்போறேன்னு மொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான். அது எனக்கே தெரியாது. வெட்டிரலாம்னு நான் சொல்ல, கூடாதுன்னு என்கூடச் சண்டை போட்டீங்க. எனக்கு நீங்க பண்ணாத்தான் சரியா வரும். ஆனா சந்தேகம்னா சந்தேகம்னு சொல்லணும். நான் குத்துதுன்னு சொன்னா ஒரு தடவ நின்னு பாக்கணும்."

"பாக்கறேன்."

"இயர்போன் மேல பழி போடக் கூடாது."

"மாட்டேன்."

"அப்ப சரி. புது ஹெட்போன் எங்க?"

"இன்னும் வாங்கலம்மா."

"வெளியீட்டுக்கு இருவத்துமூணு நாள்தான் இருக்கு. இன்னும் வாங்கலங்கீங்க!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

ஜூலை 5, சனி

இருவரும் பரூக் பாய் கடைக்குப் போனோம். அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அன்னைக்கே தோணுச்சு மேடம். எப்படிக் கேக்கறதுன்னுதான்..." என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது. ஹெட்போனின் இரண்டு பக்கமும் சமமா என்று எல்லாரும் இரண்டு காதால் கேட்கிறார்கள். இரண்டு காதும் ஒன்றே போல் யாருக்கும் இருப்பதில்லை. ஒரே காதால் இரண்டு பக்கத்தையும் கேட்டால்? வலது காதில் வலது ஸ்பீக்கரை வைத்து ஒரு வரி கேட்டேன். ஹெட்போனைத் திருப்பி, இடது ஸ்பீக்கரை அதே காதில் வைத்து, அதே ஓசையை அதே அளவில் அனுப்பி அதே வரியைக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை, போட்டுக்கொண்டு ஒரு முறை.

ஆறு ஜோடி. ஷோகேஸில் நடுநாயகமாக இருந்த ஜோடியின் ஒரு பக்கம் நிஜமாகவே மெலிந்திருந்தது.

"பாய், இதுல வலது பக்கம் மேல் ஓசை கொஞ்சம் கம்மி."

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஜெனிட்டாவும் கேட்டாள். பரூக் பாய் அதை ஷோகேஸில் வைக்காமல் மேஜைக்கு அடியில் வைத்தார். "எட்டு மாசமா இத எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டிருக்கேன் மேடம்" என்றார்.

நான் எடுத்தது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாம்பல் நிற ஜோடி. திறந்த வகை. முதலில் கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். பாஸ் மிரட்டுவதில்லை, எதுவும் மினுங்குவதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றே. கண்ணாடிக் காம்பை அழுத்தவில்லை. என் புல்லாங்குழல் பதிவின் தவறுகளை ஒன்று விடாமல் காட்டியது. எனக்கே தெரியாத ஒன்றையும் சேர்த்து.

ஜூலை 13, ஞாயிறு

வேலை இப்படிப் போகிறது. பாட்டை ஒரு முறை உள்ளபடி கேட்கிறேன். பிறகு இடதையும் வலதையும் கணினியில் இடம் மாற்றி, முன்பு இடதில் இருந்தவற்றை நல்ல காதால் கேட்கிறேன். அரை மணி வேலை, பத்து நிமிடம் ஓய்வு. ஜெனிட்டா பக்கத்தில் தன் இயர்போனோடு இருக்கிறாள்.

"குத்துதுக்கா."

"குத்தல."

"குத்துது."

மாற்றிப்போட்டுப் பார்த்தால் சில சமயம் குத்துகிறது, சில சமயம் இல்லை. இன்று அவள் பக்கம் மூன்று, என் பக்கம் இரண்டு. நான்கையும் ஐந்தையும் அடியிலிருந்து திரும்பச் செய்தேன். முதல் மூன்றிலும் லேசான சாய்வு இருந்தது, நிமிர்த்தியாயிற்று. ஏழாவதைப் பாடும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். திரும்பப் பாடுகிறாயா என்று கேட்டேன். வேண்டாம், அன்றைக்கு அப்படித்தான் இருந்தேன் என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஏழும் முடிந்தன. மத்தியானம் ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். அம்மா பெயர் வரும் இடத்தில் அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "போதும்க்கா. இதுக்குமேல தொடாதீங்க" என்றாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

சிவநேசன் அறை வாசலில் நின்றார். "நான் ஒரு தடவ கேக்கலாமா?"

நாற்காலியில் உட்கார வைத்து, அவருடைய கண்ணாடிக் காம்புக்கு மேலாக மெத்தைகள் படியும்படி நானே மாட்டிவிட்டேன். மூன்றாவது பாட்டை ஓடவிட்டேன். அவர் முகம் முதலில் சும்மா இருந்தது. பிறகு புருவம் உயர்ந்தது. பிறகு வாய் லேசாகத் திறந்தது. திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் குரல் அடுத்த அறைவரை போய் நான் கேட்டதில்லை. கடையிலும் அப்படித்தான் என்பார்கள். ஹெட்போனுக்குள் இருப்பவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியாது.

"தமா!" என்று கத்தினார். "அந்தப் பொண்ணு மூச்சு விடறதுகூடக் கேக்குது! இதெல்லாம் நீ பண்ணதா? இவ்ளோ நாள் நீ என்ன பண்றேன்னே எனக்குத் தெரியலயே, தமா!"

எதிர் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதேதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். கத்துகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை.